பரணிலிருந்து இறங்கிய ரேடியோ

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரையிலாவது அதன் பிளக்கை எடுத்துச் சுவரில் சொருகாமல் இருங்கள். "பாடுகிறதா என்று பார்க்கலாமே" என்று கை துறுதுறுக்கும். எனக்கும் 1986-ல் துறுதுறுத்தது. அதன் பலனைச் சரி செய்ய முப்பத்து மூன்று வருடங்கள் ஆயின.

ரேடியோ அப்பாவுடையது. கல்யாணமான மறு வருடம், 1961-ல், ஃபோர்ட் பகுதியில் ஒரு கடையில் தவணை முறையில் வாங்கியது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ என்று அந்நாளைய வீடுகளில் வீற்றிருந்தவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வால்வு, மூன்று பேண்டு, மரப்பெட்டி, முன்னால் பழுப்புத் துணி. மாதுங்காவில் எங்கள் ஒண்டுக் குடித்தனத்து ஹாலில், கூரைக்குக் கீழே ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு, செம்புக் கம்பியில் பின்னிய வலை ஏரியல் ஒன்று ரிப்பன் போலத் தொங்கும். அதில் ஒட்டடை அடிக்கும் வேலை எனக்கு. வருடத்திற்கு ஒரு தடவை தபாலாபீசுக்குப் போய் லைசென்ஸ் புத்தகத்தில் பதினைந்து ரூபாய் கட்டி வரும் வேலை அப்பாவுக்கு. ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டும் என்றால் என் பெண் இன்றும் நம்ப மறுக்கிறாள்.

அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவள். மராட்டியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. அப்பா காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவார். நடுவில் அவளோடு தமிழ் பேச இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். ஷார்ட் வேவில் இலங்கை வானொலி. மயில்வாகனன், பிறகு அப்துல் ஹமீது. அவர்களைப் பக்கத்து வீட்டு மனிதர்கள் போலத்தான் அவள் பேசுவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். சரோஜ் நாராயணசுவாமியின் குரல் தொடங்கும்போது எனக்குத் தலை வாரி முடிந்திருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். (அந்த அம்மையார் 2022 ஆகஸ்டில் மும்பையில்தான் காலமானார்.)

எழுபதுகளின் பிற்பகுதியில் டிரான்சிஸ்டர் வந்தது. பெரிய பெட்டி மூலைக்குப் போயிற்று. எட்டொன்பது வருடம் அதை யாரும் திருகவில்லை.

1986-ல் நான் டிப்ளமா முடித்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை மின்சார விஷயமும் எனக்குத் தெரியும் என்ற நிலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைத் துடைத்து மேஜை மேல் வைத்தேன். அப்பா ஈஸிசேரில் இருந்தபடியே, "யாராவது ரிப்பேர்காரரைக் கூட்டிண்டு வந்து காட்டிட்டு அப்புறம் போடலாமேடா" என்றார். "இதுல என்னப்பா இருக்கு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிச் சொருகினேன்.

டயல் விளக்கு எரிந்தது. அரை நிமிடத்தில் ஒரு ஹூங்காரம், பிறகு பாட்டு. குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் பாடியது! அம்மா கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். நான் வெற்றி வீரனாக நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். தார் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாடை. பெட்டியின் பின்புறத்திலிருந்து புகை. எட்டிப் பார்த்தால் ஒரு வால்வின் உள்ளே தகடு கரி அடுப்பு போலச் சிவந்து கிடக்கிறது. பாட்டு நின்றது. அப்பா எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். "போறது, விடு" என்றார். அவ்வளவுதான். அவர் 1998-ல் காலமாகும் வரை அதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

பெட்டி பரணுக்குப் போயிற்று.

2019-ல் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டத் தீர்மானமாயிற்று. மும்பைவாசிகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டாம். வாடகை வீட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் பரண் காலியாக வேண்டும். பழைய சாமான் எடுக்கும் பங்கார்வாலா ரேடியோவைத் தூக்கிப் பார்த்து எடைக்கு விலை சொன்னான். சோர் பஜாரில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவர் அதைப் போலப் பல மடங்கு சொன்னார்; ஆனால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ப்ளூடூத் சமாச்சாரத்தைப் பொருத்தி ஏதோ ஓட்டலுக்கு அலங்காரமாக விற்பாராம். "உள்ளே இருப்பது குப்பை ஸார், பெட்டிக்குத்தான் மதிப்பு" என்றார். அவர் சொன்னது வியாபார ரீதியில் சரிதான். ஆனால் அந்தக் குப்பையில் ஒரு பாகத்தை எரித்தவன் நான் அல்லவா? கொடுக்க மனம் வரவில்லை.

லாமிங்டன் ரோடில் உதிரி பாகம் விற்கும் கடைகளில் விசாரித்து விசாரித்து, கிர்காவில் ஒரு பழைய சாலில் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். எண்பதை நெருங்கும் மராட்டியர். நாற்பது வருடம் ரேடியோ ரிப்பேர் செய்தவர். எல்லோரும் 'காகா' என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். என்னை அவர் 'அண்ணா' என்றார். மும்பையில் தமிழனாகப் பிறந்தவன் எண்பது வயதுக்காரருக்கும் அண்ணாதான். கண் சரியில்லை, கை நடுங்குகிறது, ஆகவே தானே செய்ய மாட்டேன். நீ செய், நான் சொல்கிறேன் என்றார். முதல் கேள்வி: "கரண்ட் கொடுத்துப் பார்த்தாயா?" 1986 கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "என் பிழைப்பே உன்னைப் போன்றவர்களால்தான் ஓடியது" என்றார்.

முதல் பாடம் உயிர் பற்றியது. இந்த ரேடியோவுக்குள் 250 வோல்ட் டி.சி. ஓடும். சுவிட்சை அணைத்தாலும் ஃபில்டர் கண்டென்சரில் அது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். ஒரு ரெசிஸ்டன்ஸை வைத்து அதைக் கழித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பிறகுதான் விரலை விட வேண்டும். ஓடும்போது அளந்தால் இடது கை பாண்ட் பைக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகள் இன்னும் ஆபத்து. அவற்றில் தகரச் சட்டமே நேராக மின் இணைப்பின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டத்தில் 230 வோல்ட் இருக்கும். எது எந்த வகை என்று வால்வின் பெயரைப் படித்தே சொல்லிவிடலாம் என்றார் காகா.

அந்தப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் பெட்டியில் இருந்தவை இ.சி.எச். 81, இ.எஃப். 89, இ.பி.சி. 81, இ.எல். 84, இ.இஸட். 80. முதல் எழுத்து, வால்வைச் சூடாக்கும் இழையைப் பற்றியது. 'இ' என்றால் 6.3 வோல்ட்; டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டில் வருவது. 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர். இழைகளை மாலை போல வரிசையாகக் கோத்து நேராக மின்சாரத்தில் மாட்டியது. அதாவது, யு-வைக் கண்டால் கையை எடு. 'டி' என்றால் பாட்டரி செட். அதற்கடுத்த எழுத்துகள் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். 'சி' ட்ரையோடு, 'எஃப்' பெண்டோடு, 'பி' இரட்டை டையோடு, 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பெண்டோடு, 'இஸட்' முழு அலை ரெக்டிஃபையர். எண்ணில் முதலில் எட்டு வந்தால் ஒன்பது கால் உள்ள கண்ணாடி வால்வு; மூன்று வந்தால் எட்டுக் கால் உள்ள பழைய பேக்லைட் அடி. ஆக, பெயரே ஜாதகம். ஐரோப்பியக் கம்பெனிகள் சேர்ந்து வைத்த முறை. இன்று நாம் வாங்கும் எந்தச் சில்லின் பெயரிலிருந்தாவது இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா, சொல்லுங்கள்.

சரி, 1986-ல் நான் என்ன செய்தேன்? வால்வைச் சுத்தமாகத் துடைத்து வைத்த என் பார்வையில் படாத ஒரு சின்னப் பொருள்தான் வினை செய்தது. சுண்டு விரல் அளவு, மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர். இ.பி.சி. 81 வால்விலிருந்து இ.எல். 84 வால்வுக்குப் பாட்டை எடுத்துச் செல்வது அதன் வேலை. பாட்டு போகலாம்; முதல் வால்வின் தகட்டில் இருக்கும் தொண்ணூறு, நூறு வோல்ட் டி.சி. போகக் கூடாது. வாசலில் நிற்கும் கூர்க்கா மாதிரி. மெழுகுத்தாள் பம்பாயின் மழைக்காலங்களை இருபத்தைந்து தடவை பார்த்துவிட்டால் ஈரம் குடித்துக் கசியத் தொடங்குகிறது. எவ்வளவு கசிந்தால் ஆபத்து தெரியுமா? பத்து மைக்ரோ ஆம்பியர் போதும். அது கிரிட்டில் உள்ள 470 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் வழியே போகும்போது, கிரிட்டில் ஐந்து வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். கேதோடைவிட ஏழு வோல்ட் கீழே இருக்க வேண்டிய கிரிட் அது. கடிவாளம் போனதும் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கிறது, தகடு சிவக்கிறது, அத்தனை மின்சாரமும் போகும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய கம்பி எரிந்து அறுகிறது. பாட்டில் கேட்ட கரகரப்புதான் எச்சரிக்கை. அதைக் கேட்டுக்கொண்டே நான் வெற்றி வீரனாக நின்றிருந்தேன். அப்போது ஒரு ரூபாய்கூட விலையிருக்காத சாமான் அது.

மீட்டரை வைத்தோம். டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று முழுவதும் அறுந்திருந்தது, முள் அசையவில்லை. புதிதாக வாங்கிவிடலாம் என்றேன். வெளியே எடுத்து அதன் சட்டத்தைத் துடைத்துப் பார்த்த காகா, தகடுகள் நன்றாக இருக்கின்றன, கம்பியை மட்டும் திரும்பச் சுற்று என்றார். தகடுகளை ஒவ்வொன்றாகக் கத்தி முனையால் பிரித்து, சுருளில் ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்றுகளை முதலில் எண்ணினோம். இ.எல். 84-க்குச் சுமார் 5,200 ஓம் பாரம் வேண்டும். ஸ்பீக்கரோ நாலு ஓம். ஒன்றை ஒன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 36. ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் முப்பத்தாறு சுற்று. தலைமுடி போன்ற எனாமல் கம்பி. காகாவிடம் எண் காட்டும் கருவியோடு ஒரு கைச் சுற்றும் இயந்திரம் இருந்தது. மூன்று சனிக்கிழமைகள் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அடுக்குக்கு அடுக்கு மெல்லிய தாள் வைத்துச் சுற்றினேன். இரண்டாயிரத்து நூறாவது சுற்றில் ஒரு தடவை அறுந்தது. காகா அதைப் பார்த்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ குடித்துவிட்டு, நுனியைச் சுரண்டி, ஈயம் வைத்து ஒட்டி, தாள் சுற்றி, மீண்டும் ஆரம்பித்தேன்.

எரிந்த இ.எல். 84-க்கு மாற்று கிடைக்குமா என்று கவலைப்பட்டேன். அது வீண் கவலை. கிடார் வாசிப்பவர்களின் ஆம்ப்ளிஃபையர்களுக்காக ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இந்த வால்வைப் புதிதாகவே செய்கிறார்கள். மற்ற நாலு வால்வுகளும் அப்பா வாங்கியபோது இருந்தவையே, நன்றாக இருந்தன.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனால் ஹூங்காரம் வரும். புதிது வாங்கப் போனவன், பெரிதாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று 220 மைக்ரோஃபாரட் வாங்கி வந்தேன். காகா அதைக் கையில் வாங்கி ஜன்னலில் வைத்தார். இ.இஸட். 80 ரெக்டிஃபையர் தாங்கக் கூடியது 50 வரைதான். பெரிய தொட்டியை நிரப்ப அது ஒவ்வொரு துடிப்பிலும் மூச்சு முட்டி, சீக்கிரமே போய்விடும். 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். கிராண்ட் ரோடு ஸ்டேஷன் அருகில் மழையில் நனைந்துகொண்டே திரும்ப நடந்தேன்.

காகிதக் கண்டென்சர்கள் பதினொன்றையும் எடுத்துவிட்டேன். ஒன்று கெட்டதென்றால் அதன் சகோதரர்களும் அதே வயதுதான். ரெசிஸ்டன்ஸ்களில் பாதி எண்ணெய் ஊற்றாத கதவு மாதிரி மதிப்பு ஏறிக் கிடந்தன. 220 கிலோ ஓம் என்று வண்ணக் கோடு போட்ட ஒன்று 310 காட்டியது. அவற்றையும் மாற்றினேன். பழைய கண்டென்சரின் மெழுகுக் கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்து, பார்வைக்கு 1961 மாதிரியே வைப்பவர்கள் இருக்கிறார்கள். பொறுமைக்கு வணக்கம், ஆனால் எனக்கு அதில் சம்மதமில்லை. அடுத்து இதைத் திறப்பவனுக்கு எது பழையது, எது புதியது என்று தெரிய வேண்டாமா? மஞ்சள் நிறப் புதிய கண்டென்சர்களைப் பட்டவர்த்தனமாகவே வைத்தேன். கழற்றியவற்றை ஒரு கவரில் போட்டு, தேதியும் மாற்றிய விவரமும் எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர்களின் தலையில் திருகும் இடம் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தால் அதுவே "வா, வா" என்று கூப்பிடும். தொடாதே என்று காகா சொன்னார், தொடவில்லை. பல நல்ல ரேடியோக்கள் அந்தத் திருகாணியைத் திருகித்தான் செத்திருக்கின்றனவாம்.

டயல் நூல் இரண்டு நாள் மானத்தை வாங்கியது. குமிழைத் திருப்பினால் முள் ஓட வேண்டும், கேங் கண்டென்சரும் சுழல வேண்டும். இரண்டையும் இழுப்பது மூன்று உருளைகள் மேல் ஓடும் ஒரே நூல், ஒரு ஸ்பிரிங். கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தைப் பார்த்துக்கொண்டே செய்தும், முள் இடது பக்கம் போக வேண்டிய நேரத்தில் வலது பக்கம் போயிற்று. என் மனைவி நூலின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நேரம்?" என்று கேட்டபடி நின்றாள். அவள் பொறுமை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

வேலை முழுவதிலும் என்னால் மன்னிக்க முடியாத தவறு டயல் கண்ணாடியில் நடந்தது. எங்கும் அறுபது வருடப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன்; பளபளத்தது. அதே கையோடு திருப்பி, பின்பக்கத்தையும் ஒரு இழு இழுத்தேன். ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருப்பது பின்பக்கத்தில்தான். பழைய மை, கண்ணாடியை விட்டு எப்போதோ கழன்று, பழக்க தோஷத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைப் பார்த்தால் அதில் தங்க நிறத் துகள். கண்ணாடியில் கொழும்பு இருந்த இடம் காலி. டில்லி, கல்கத்தா, மெட்ராஸ் எல்லாம் இருக்கின்றன; கொழும்பு மட்டும் இல்லை. அம்மா மற்ற எந்த ஊரையும் தேடி முள்ளைத் திருப்பியவள் அல்ல. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுவதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதுவும் செய்யக் கூடாது என்பதை இங்கே கொட்டை எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

மரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரப்பான் முட்டைகளைச் சுரண்டி, அரக்கைக் கரைத்துப் பஞ்சால் நாலைந்து கோட் தேய்த்தேன். துணியை மாற்றவில்லை.

கடைசியில் கரண்ட் கொடுக்கும் நாள். காகா ஒரு பல்பு ஹோல்டர் வைத்த பலகையைக் கொடுத்தார். ரேடியோவுக்குப் போகும் மின்சாரம் முதலில் ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியாகப் போக வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ பிழைக்கும். எல்லாம் சரியென்றால் பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பழைய இழை பல்பே வேண்டும். அதைத் தேடி நாலு கடை ஏறினேன். 1986-ல் இந்தப் பல்பு பலகை ஒன்று என் கையில் இருந்திருந்தால்! பலகை செய்யச் செலவு பத்து ரூபாய் ஆகியிருக்காது.

சொருகினேன். பல்பு பளிச்சென்றது, என் நெஞ்சு நின்றது, மங்கியது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறம் மெதுவாக ஏறியது. மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்தேன். சூடான தூசி வாடை மட்டும்தான். மீட்டரில் இ.எல். 84-இன் கேதோடு ஏழு வோல்ட்டை ஒட்டி நின்றது. பல்பை விலக்கி நேராகக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெற்றி வீரனாக நிற்கவில்லை. கையைப் பிளக் மேலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோ பிழைத்தது; கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த சங்கடம். பி.பி.சி. தமிழோசை 1941-ல் தொடங்கியது. வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஷார்ட் வேவில் முள்ளைத் திருப்பினால் முன்பு இடம் கிடைக்காமல் நெருக்கியடித்த நிலையங்கள் இருந்த இடத்தில் வெறும் கொதிக்கும் எண்ணெய்ச் சத்தம். மீடியம் வேவிலோ ஒவ்வொரு மாடியிலும் எரியும் எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் தங்கள் பங்குக்கு இரைகின்றன. எங்கள் வீட்டுச் சார்ஜர்களைப் பிடுங்கியதும் பாதி குறைந்தது. மீதி, அக்கம்பக்கத்துப் புண்ணியம்.

இரவு பத்து மணிக்கு மேல், 720 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் முள்ளை மயிரிழையாக நகர்த்தினேன். பகலில் மீடியம் வேவ் அலை தரையோடு கொஞ்ச தூரம்தான் வரும். இரவில் வானத்தின் கீழ் அடுக்கு கலைந்து, மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். ஏறி, இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். தமிழ். சென்னை வானொலி.

அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தேழு, காது மந்தம். தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, பெட்டிக்கு அருகில் நின்று, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மெட்ராஸ்தானே?"

"ஆமாம்மா. கொழும்பு எழுத்தைத்தான் அழிச்சுட்டேன்."

"எழுத்து எதுக்குடா, எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா" என்றாள். பிறகு, ஏதோ நேற்று நடந்ததைச் சொல்வது போல, "அப்பாவுக்குத் தெரியும்டா. ரொம்ப நாள் சும்மா இருந்தா கண்டென்சர் போயிருக்கும், மாத்தாம போடக்கூடாதுன்னு அந்தப் பழைய மெக்கானிக் சொல்லியிருந்தார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏம்மா அப்பா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னாரே! ரிப்பேர்காரரைக் கூட்டிண்டு வந்து காட்டுன்னு சொன்னாரே. நீ காதுல வாங்கிண்டாத்தானே?"

பதில் சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேரம் கேட்டாள். பாதி புரிந்திருக்காது, இரைச்சல் அப்படி. பிறகு தன் டிரங்குப் பெட்டியிலிருந்து, ஓரத்தில் கிளி பின்னிய பழைய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்தாள். ரேடியோவுக்கென்று அவளே அறுபத்திரண்டிலோ மூன்றிலோ போட்ட உறை. பெட்டி புகைந்த அன்று அப்பா அதன்மேல் போட்டு மூடியதும் அதுதான். பரணுக்கு ஏற்றும்போது எடுத்துத் துவைத்து வைத்திருக்கிறாள்.

நான் ரேடியோவை அணைத்துவிட்டு அதை வாங்கி மேலே போடப் போனேன். "இருடா, அவசரம்" என்று கையைத் தட்டிவிட்டாள். "சூடு ஆறட்டும்."